ஏப்பத்தில் போகும் தீவனம்

மேய்ந்து திரும்பிய செம்மறிகள் இரவில் பட்டியில் படுத்து அசைபோடும்போது சற்று நேரம் அருகில் இருந்து பாருங்கள். கழுத்தில் இரை ஏறுவதும் இறங்குவதும் கண்ணுக்குத் தெரியும். இடையிடையே, ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒரு முறை, சத்தமே இல்லாமல் ஓர் ஏப்பம் வெளியேறும். மீத்தேன் வாயு போகும் வழி அதுதான். ஆட்டின் மீத்தேன் பின்புறமாகப் போகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படிப் போவது நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான். மற்றதெல்லாம் ஏப்பமாகவும் மூச்சாகவும் வாய், மூக்கு வழியாகவே வெளியேறுகிறது.

இந்த வாயு எப்படி உண்டாகிறது என்பதைப் புரிந்துகொண்டால், கடையில் விற்கும் பொட்டலங்களில் எதை நம்பலாம், எதை ஒதுக்கலாம் என்று நீங்களே முடிவு செய்யலாம். ஆட்டின் முதல் வயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் புல்லையும் தட்டையையும் நொதிக்க வைக்கின்றன. அதில் வரும் அமிலங்களை ஆடு உறிஞ்சிக்கொண்டு உடம்பை வளர்க்கிறது. நொதிக்கும்போது ஹைட்ரஜனும் சேர்ந்தே வருகிறது. அது வயிற்றில் தேங்கினால் நொதித்தல் தடைபடும். ஆர்க்கியா என்னும் பழமையான நுண்ணுயிர் வகை அந்த ஹைட்ரஜனைக் கரியமில வாயுவோடு சேர்த்து மீத்தேனாக மாற்றி அப்புறப்படுத்துகிறது. ஆகவே மீத்தேனைக் குறைக்க மூன்று வழிகள் உண்டு. ஹைட்ரஜன் உண்டாவதைக் குறைக்க வேண்டும், உண்டான ஹைட்ரஜனை வேறு பக்கம் திருப்பிவிட வேண்டும், அல்லது மீத்தேன் உண்டாக்கும் ஆர்க்கியாவையே அடக்க வேண்டும். எந்தத் தீவனச் சேர்க்கையும் இந்த மூன்றில் ஒன்றையோ பலவற்றைச் சேர்த்தோதான் செய்கிறது.

நம் ஊர் போன்ற இடங்களில் வளரும் ஒரு செம்மறி ஆண்டுக்குச் சுமார் 5 கிலோ மீத்தேன் விடுகிறது என்பது ஐ.பி.சி.சி. எனப்படும் பன்னாட்டுக் காலநிலைக் குழு கையாளும் கணக்கு. 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சுமார் 45 லட்சம் செம்மறிகள் உள்ளன. பெருக்கிப் பார்த்தால் ஆண்டுக்கு 22,500 டன். நூறாண்டுக் கணக்கில் ஒரு கிலோ மீத்தேன் சுமார் 28 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்குகிறது. ஆனால் காற்றில் அது நீடிப்பது பன்னிரண்டு ஆண்டு போலத்தான். இன்று குறைத்தால் நம் பிள்ளைகள் காலத்திலேயே பலன் தெரியும் என்பதால்தான் உலகம் இதில் இவ்வளவு அக்கறை காட்டுகிறது.

வளர்ப்பவருக்கு இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 5 கிலோ மீத்தேனில் அடங்கிய ஆற்றல், 15 கிலோவுக்கும் மேற்பட்ட மக்காச்சோளத்தில் உள்ள ஆற்றலுக்குச் சமம். காசு கொடுத்து வாங்கியோ, காலால் நடந்து மேய்த்தோ உள்ளே போன தீவனம் அது. மீத்தேனைக் குறைத்தால் அவ்வளவும் கறியாக மாறிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மிச்சமாகும் ஆற்றல் முழுதாக உடல் எடையில் வந்து சேர்வதில்லை. பல சோதனைகளில் எடைக் கூடுதல் மிகச் சிறியதாகவோ, இல்லாமலோ போயிருக்கிறது.

அதனால் இந்த நூலின் நிலை இது: மீத்தேனைக் குறைத்ததற்காக உங்களுக்கு யாரும் ஒரு ரூபாய்கூடத் தராவிட்டாலும், ஆட்டின் வளர்ச்சியிலோ ஆரோக்கியத்திலோ போட்ட காசு திரும்பி வர வேண்டும். அப்படித் திரும்பும் சேர்க்கையை மட்டும் வாங்குங்கள். கீழே உள்ள ஒவ்வொன்றையும் இந்த ஓர் உரைகல்லில்தான் உரைத்துப் பார்த்திருக்கிறோம்.

முதலில் வயிறு நிறையட்டும்

பட்டினி கிடக்கும் ஆட்டுக்குச் சேர்க்கை கொடுப்பது வீண். இதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். ஒரு கிடாக்குட்டி கோடையில் காய்ந்த தட்டையைத் தின்று, ஒன்பது மாதத்தில் விற்பனை எடையான 20 கிலோவை எட்டுகிறது. நாளுக்கு 10 கிராம் மீத்தேன் என்று வைத்துக்கொண்டால் 270 நாளில் 2,700 கிராம். அதே குட்டிக்குக் கடலைக்கொடியும் வேலிமசாலும் கொஞ்சம் அடர்தீவனமும் கிடைத்து ஆறு மாதத்திலேயே 20 கிலோ வந்துவிடுகிறது. அதிகம் தின்பதால் நாளுக்கு 12 கிராம் விடும் என்றே வையுங்கள். 180 நாளில் 2,160 கிராம். ஒரு பொட்டலமும் வாங்காமலே நூற்றுக்கு 20 பங்கு குறைந்துவிட்டது. மூன்று மாத மேய்ச்சல் கூலியும் மிச்சம். மலட்டு ஆட்டையும், பல் தேய்ந்து குட்டி ஈனாத கிழட்டு ஆட்டையும் காலத்தோடு கழிப்பதும் இதே கணக்கில்தான் சேரும். அவை விடும் மீத்தேனுக்கு ஈடாகப் பட்டியில் ஒரு குட்டியும் இல்லை.

எச்சரிக்கை ஒன்று உண்டு. குட்டியைச் சீக்கிரம் தேற்றும் ஆசையில் தானியத்தை அள்ளிப் போடாதீர்கள். தானியம் கூடினால் மீத்தேன் குறையும் என்பது உண்மைதான். ஆனால் முதல் வயிறு புளித்து ஆடு சாயும், துள்ளுமாரி நோயும் வரும். தடுப்பூசி போட்டிருந்தாலும் அடர்தீவனத்தைப் படிப்படியாகவே கூட்டுங்கள்.

புளியங்கொட்டைத் தோல்

நம் கைக்கு எட்டும் சேர்க்கைகளில் முதலிடம் இதற்குத்தான். பெங்களூரு ஆடுகோடியில் இருக்கும் தேசியக் கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனம், துவர்ப்புச் சத்தான டானினை வைத்து மீத்தேனைக் குறைக்கும் வழியைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. புளியங்கொட்டைத் தோல் அந்த ஆய்வுகளில் முக்கியமான ஒன்று. அங்கு உருவான ‘ஹரித் தாரா’ என்னும் டானின் கலவை, மீத்தேனை நூற்றுக்கு 17 முதல் 20 பங்கு வரை குறைக்கும் என்று அந்த நிறுவனம் அறிவித்திருக்கிறது. முதல் வயிறு முழுமையாக வேலை செய்யத் தொடங்கிய, மூன்று மாதத்துக்கு மேற்பட்ட கால்நடைகளுக்கே அதைத் தர வேண்டும் என்பதும் அவர்கள் வைத்த நிபந்தனை. அப்படிப்பட்ட கலவை உங்களுக்குக் கிடைத்தால், அதில் அச்சிட்டிருக்கும் அளவையே பின்பற்றுங்கள். டானின் அளவைச் சோதித்துக் கலந்தது அது.

டானின் இரண்டு வேலை செய்கிறது. மீத்தேன் உண்டாக்கும் உயிர்களையும், அவை ஒட்டி வாழும் புரோட்டோசோவா என்னும் ஒற்றைச் செல் உயிர்களையும் அடக்குகிறது. நார் நொதிக்கும் வேகத்தையும் சற்றுக் குறைப்பதால் ஹைட்ரஜனும் குறைகிறது. வளர்ப்பவருக்கான ஆதாயம் வேறு இடத்தில் இருக்கிறது. பிண்ணாக்கின் புரதத்தை முதல் வயிற்றில் நுண்ணுயிர்கள் சிதைத்துவிடாமல் டானின் கட்டிப்பிடித்துக்கொள்கிறது. நான்காம் வயிற்றின் அமிலம் பட்டதும் அந்தப் பிடி விடுகிறது. புரதம் சிறுகுடலில் நேராக ஆட்டுக்கே போய்ச் சேர்கிறது. மூத்திரத்தில் வீணாகும் தழைச்சத்தும் குறைகிறது. ஹீமாங்கஸ் என்னும் இரத்தம் உறிஞ்சும் வயிற்றுப் புழுவின் முட்டைகளையும் டானின் ஓரளவு குறைக்கும். குடற்புழு மருந்தை அதனால் நிறுத்திவிட முடியாது. ஆனாலும் மழைக்காலத்தில் இது சிறிய உதவி அல்ல.

தோலைத் தயாரிப்பதில் கவனம் வேண்டும். கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, பருப்பை மாவாக்கிப் பஞ்சாலைகளில் பாவு நூலுக்குக் கஞ்சியாகப் பயன்படுத்துகிறார்கள். மாவு ஆலையில் மிஞ்சும் தோல்தான் நமக்கு வேண்டியது. வீட்டிலும் செய்யலாம். கொட்டையை மணலோடு சேர்த்து மிதமாக வறுத்து, உரலில் லேசாகக் குத்தினால் தோல் பருப்பைவிட்டுக் கழன்றுவிடும். முறத்தில் புடைத்தால் பருப்பு ஒரு பக்கமும் தோல் ஒரு பக்கமும் பிரிந்து நிற்கும். நல்ல தோல் செங்காவி கலந்த பழுப்பாக இருக்கும். நுனி நாக்கில் வைத்தால் உடனே துவர்க்கும். கருகிக் கறுத்த தோலையும், பூசண வாடை வீசும் தோலையும் தள்ளிவிடுங்கள். ரவை போல உடைத்தால் போதும். மாவாக்கினால் தீவனத் தொட்டியில் பறந்து ஆடு தும்மும், தின்னாது.

அளவுக்கு வருவோம். 25 கிலோ எடையுள்ள மேச்சேரி இனத் தாயாடு ஒன்று நாளுக்குச் சுமார் 800 கிராம் உலர்ந்த கணக்கில் தீவனம் எடுக்கும். அதில் டானின் நூற்றுக்கு 2 பங்கு, அதாவது 16 கிராம், என்னும் இடத்தை நெருங்கும்போதுதான் மீத்தேன் தெளிவாகக் குறைகிறது. 5 பங்கைத் தாண்டினால் ஆடு தீவனத்தை வெறுக்கும், செரிமானம் கெடும், எடை இறங்கும். மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையே உள்ள தூரம் இங்கே குறுகியது. ஆகவே தோலைக் கைப்பிடிக் கணக்கில் அள்ளிப் போடாமல் தராசில் நிறுத்துக் கொடுங்கள்.

முதல் மூன்று நாள் ஓர் ஆட்டுக்கு 5 கிராம். பிறகு மெல்லக் கூட்டி இரண்டு வாரத்தில் 20 கிராமுக்கு வாருங்கள். இருபது ஆடு கொண்ட பட்டிக்கு நாளுக்கு 400 கிராம் தோல். அதை 5 கிலோ அடர்தீவனத்தில் கலந்து, கொஞ்சம் வெல்லத் தண்ணீர் தெளித்துப் பிசிறிவிட்டால் துவர்ப்பு அவ்வளவாகத் தெரியாது. எந்தக் காரணத்துக்காகவும் ஓர் ஆட்டுக்கு 40 கிராமைத் தாண்ட வேண்டாம். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் உள்ள தீவனப் பகுப்பாய்வு ஆய்வகத்தை அணுகி உங்கள் தோலைச் சோதிக்க வழி கேளுங்கள். நூற்றுக்கு 12 பங்கு டானின் என்று அறிக்கை வந்தால், 20 கிராம் தோலில் கிடைப்பது 2.4 கிராம்தான். 16 கிராம் எங்கே, 2.4 கிராம் எங்கே என்று கேட்பீர்கள். மிச்சத்தை மரங்கள் தர வேண்டும்.

வெள்வேலும் கருவேலும்

காங்கேயம், தாராபுரம், மூலனூர், அரவக்குறிச்சிப் பக்கத்தில் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களைப் பார்த்தவர்களுக்கு, மரம் துவர்ப்புச் சத்துத் தருவது புதிதாகத் தோன்றாது. சுற்றிலும் கிளுவை வேலி, தரையில் கொழுக்கட்டைப் புல், நடுவே வெள்வேல் மரங்கள். புல் வயிற்றை நிரப்புகிறது. கோடையில் புல் காயும் காலத்தில் வெள்வேல் காய்கள் உதிர்ந்து புரதமும் துவர்ப்பும் தருகின்றன. மீத்தேன் என்ற பேச்சே இல்லாத காலத்தில் உருவான மேய்ச்சல் முறை இது. இன்று ஆய்வுக்கூடங்கள் தேடும் கலவைக்கு மிக அருகில் இருக்கிறது. கொறங்காட்டை உழுது மனையாக விற்பதை நான் பெரும் இழப்பாகவே கருதுகிறேன். அங்கே போகும் மரம் ஒவ்வொன்றும் இலவசமாகக் கிடைத்துக்கொண்டிருந்த தீவனச் சேர்க்கை.

கொறங்காடு இல்லாதவர்கள் வரப்பிலும் ஓடைக்கரையிலும் உள்ள மரங்களைப் பயன்படுத்தலாம். நூற்றுக்கு 5 பங்கு டானின் உள்ள இலையை உலர்ந்த கணக்கில் 200 கிராம் கொடுத்தால் 10 கிராம் டானின் சேர்கிறது. பச்சையாக நிறுத்தால் அது அரைக் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக வரும். தோலில் கிடைத்த 2.4 கிராமையும் சேர்த்தால் 12.4 கிராம். குறிக்கு அருகில் வந்துவிட்டோம், அபாய எல்லைக்கு வெகு தூரத்தில் நிற்கிறோம். இந்த இடத்தில் நிற்பதே நல்லது.

கருவேலங்காயில் டானின் மிக அதிகம். அதனால் அதைத் தீனியாக எண்ணாமல் சேர்க்கையாகவே எண்ணி, ஓர் ஆட்டுக்கு ஒரு கைப்பிடிக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். கருவேலங்காய் தின்னும் நாட்களில் புளியங்கொட்டைத் தோல் வேண்டாம். சீமைக் கருவேலங்காய் வேறு கதை. அதில் இனிப்புதான் மிகுதி, துவர்ப்பை எதிர்பார்க்க வேண்டாம். ஆல், பலா, வேப்பிலைகளையும் மீத்தேன் குறைப்புக்காக ஆராய்ந்திருக்கிறார்கள். கோடையில் கிடைத்ததைக் கலந்து கொடுக்கலாம். சவுண்டல் தழை நல்ல புரதம். ஆனால் அதில் உள்ள மிமோசின் நஞ்சால் முடி உதிரும். மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம், சினை ஆட்டுக்கு இன்னும் குறைவாகக் கொடுங்கள்.

செக்குப் பிண்ணாக்கு

“ஏனுங்க, ஆட்டுக்கு எண்ணெய் குடுத்தாக் கழியாதுங்களா?” என்று கேட்பார்கள். எண்ணெயாக ஊற்றினால் கழியத்தான் செய்யும். பிண்ணாக்கில் மிஞ்சிய எண்ணெயாகக் கொடுத்தால் கழியாது. எண்ணெய் முதல் வயிற்றில் நொதிக்காது. அதனால் அதிலிருந்து ஹைட்ரஜன் வராது. மீத்தேன் உண்டாக்கும் உயிர்களுக்கும் அது ஆகாது. தேங்காய் எண்ணெயில் மிகுந்துள்ள லாரிக் அமிலம் இந்த வேலையில் மற்ற எண்ணெய்களைவிடக் கெட்டி. தீவனத்தில் கொழுப்பு நூற்றுக்கு ஒரு பங்கு கூடினால் மீத்தேன் ஏறக்குறைய 4 முதல் 5 பங்கு குறைகிறது. கரைப்பான் கொண்டு எண்ணெயை முழுக்க எடுத்த பிண்ணாக்கில் இந்தப் பலன் இல்லை. செக்கிலோ எக்ஸ்பெல்லரிலோ ஆட்டிய பிண்ணாக்காகக் கேட்டு வாங்குங்கள். நூற்றுக்கு 10 பங்கு எண்ணெய் மிஞ்சிய தேங்காய்ப் பிண்ணாக்கு 100 கிராமில் 10 கிராம் எண்ணெய் கிடைக்கும். 800 கிராம் தீவனத்தில் அது ஒன்றேகால் பங்கு. மீத்தேன் 5 பங்கு போலக் குறையும். மொத்தக் கொழுப்பு 6 பங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால் நார் செரிக்காமல் போகும். மழைக்காலத்தில் சிக்கடித்த பிண்ணாக்கையும், பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கையும் தொடவே வேண்டாம். பூசண நஞ்சு ஈரலைத் தின்றுவிடும்.

தள்ளி வைக்க வேண்டியவை

கடற்பாசி பற்றிச் செய்திகள் நிறைய வருகின்றன. ஆஸ்திரேலியாவில் செம்மறிகளுக்கு அஸ்பரகாப்சிஸ் என்னும் சிவப்புப் பாசியை 72 நாள் கொடுத்துப் பார்த்து, 2018ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், அதிக அளவு தின்ற ஆடுகளின் மீத்தேன் நூற்றுக்கு 80 பங்கு வரை குறைந்திருந்தது. வேலை செய்தது அதில் உள்ள புரோமோஃபார்ம். மண்டபம் கடற்கரையில் மூங்கில் தெப்பம் கட்டி வளர்ப்பது கப்பாஃபைகஸ் என்னும் வேறு பாசி. ‘கடற்பாசித் தூள், மீத்தேனைக் குறைக்கும்’ என்று ஒரு பொட்டலம் வந்தால், எந்தப் பாசி, புரோமோஃபார்ம் எவ்வளவு என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் பொட்டலம் வேண்டாம்.

நைட்ரேட் உப்பைக் கொண்டு நெதர்லாந்தில் செம்மறிக் குட்டிகளின் மீத்தேனை நூற்றுக்கு 32 பங்கு குறைத்துக் காட்டியிருக்கிறார்கள். ஹைட்ரஜனைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதில் நைட்ரேட் வல்லது. ஆனால் பழக்காத ஆட்டுக்கோ, அளவு தவறியோ கொடுத்தால் அது நைட்ரைட்டாக மாறி இரத்தத்தில் கலக்கும். இரத்தம் சாக்லேட் நிறமாகி, ஆடு மூச்சுத் திணறிச் சில மணி நேரத்தில் செத்துவிடும். உர மூட்டையிலிருந்து அள்ளிக் கலந்து பார்க்கும் எண்ணம் யாருக்கும் வர வேண்டாம். வறட்சியில் வாடிய இளஞ்சோளப் பயிரிலேயே நைட்ரேட் ஏறியிருக்கும் நம் ஊரில் இது இரட்டை ஆபத்து.

‘போவேர்’ என்ற பெயரில் வரும் 3-என்.ஓ.பி. மருந்து கறவை மாட்டுப் பண்ணைகளுக்காக உருவானது. 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் அதற்கு அனுமதி தந்தது. வயிற்றில் சீக்கிரம் கரைந்து தீர்ந்துவிடுவதால் ஒவ்வொரு வாய்த் தீவனத்திலும் அது கலந்திருக்க வேண்டும். பகலெல்லாம் மேயும் செம்மறிக்கு ஒத்துவராது. பூந்திக்கொட்டை, சீகைக்காய் போன்ற நுரை தரும் பொருள்கள் முதல் சில வாரம் வேலை செய்யும். பிறகு வயிற்று நுண்ணுயிர்கள் அவற்றைச் சிதைக்கப் பழகிவிடும், பலன் தேய்ந்துவிடும்.

தொடங்கும் முறை

சேர்க்கையைத் தொடங்கும் முன் குடற்புழு நீக்கம் முடித்து, பட்டியில் உள்ள எல்லா ஆட்டையும் தொங்கும் தராசில் நிறுத்துக் காதுவளைய எண்ணோடு எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தால் பட்டியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் தோல் கொடுங்கள். மேய்ச்சலும் மற்றத் தீவனமும் இரண்டு பாதிக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். மீத்தேனை நம்மால் பட்டியில் அளக்க முடியாது. அதற்குக் காற்றுப் புகாத சோதனை அறை போன்ற ஆய்வு ஏற்பாடு வேண்டும். நாம் அளக்கக்கூடியவை எடை, தொட்டியில் மிஞ்சும் தீவனம், புழுக்கை, கண் இமையின் உட்புற நிறம்.

புழுக்கையைத் தினமும் காலையில் பாருங்கள். உருண்டு பளபளவென்று விழுந்தால் சரி. கட்டியாக இறுகி, கறுத்துக் காய்ந்து விழுந்தால் துவர்ப்பு கூடிவிட்டது. தோலைப் பாதியாகக் குறைத்துத் தண்ணீர் நிறையக் காட்டுங்கள். இமையின் உட்புறம் வெளுத்தால் அது புழுவின் வேலை. தோலை நம்பிக் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டி மருந்து கொடுங்கள். தாது உப்பைக் கலவையில் எப்போதும் வைத்திருங்கள். டானின் தீவனத்தின் இரும்பைக் கட்டிப்போடும் இயல்புடையது.

மூன்று மாதத்துக்குட்பட்ட குட்டிக்குத் தோலும் வேண்டாம், கருவேலங்காயும் வேண்டாம். குட்டி ஈனும் தறுவாயில் உள்ள தாயாட்டுக்குப் புதிதாகத் தொடங்க வேண்டாம். ஈன்று மூன்று வாரம் போகட்டும். நோய் கண்ட ஆட்டுக்கு, தீனி திரும்ப எடுக்கும்வரை நிறுத்திவையுங்கள்.

மாதம் ஒரு முறை நிறுத்து, தொண்ணூறாம் நாள் இரண்டு பாதியின் சராசரி எடைக் கூடுதலை ஒப்பிடுங்கள். தோல், வெல்லம், கூலி எல்லாவற்றையும் கூட்டி, கூடுதலாக வந்த எடையின் விலையோடு வைத்துப் பாருங்கள். செலவு கூடுதலாக இருந்தால் தோலை நிறுத்திவிட்டு, மரத்தழையையும் செக்குப் பிண்ணாக்கையும் மட்டும் தொடருங்கள். வரவு கூடுதலாக இருந்தால் மறு பாதிக்கும் கொடுக்கலாம். அதற்கும் அதே 5 கிராமில் தொடங்கி, இரண்டு வாரத்தில் 20 கிராமுக்கு ஏறுங்கள்.